மழைக்கு ஏன் நீள அளவு?

மழைக்காலத்தில் வானிலைச் செய்தியில் கேட்கிறோம்: கடந்த 24 மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் 10 செ.மீ. மழை. கேட்டுப் பழகிப்போனதால் இதில் உள்ள விசித்திரம் நமக்குப் படுவதில்லை. பெய்தது தண்ணீர். பாலையும் எண்ணெயையும் லிட்டரில் வாங்குகிறோம். கோடையில் லாரித் தண்ணீருக்கும் லிட்டர் கணக்கில்தான் பணம் கொடுக்கிறோம். மழையை மட்டும் ஏன் சென்டிமீட்டரில் சொல்கிறார்கள்?

சென்டிமீட்டர் என்பது நீளம். நீளத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்காது. ஆனாலும் அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் மொட்டைமாடியில் எத்தனை லிட்டர் விழுந்தது என்று இரண்டு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடலாம். அதற்கு வேண்டிய சூத்திரம் நாம் எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். படித்த விதத்தில்தான் ஒரு குறை. நீளம் × அகலம் × உயரம் என்று மூன்று எண்களை ஒரே மூச்சில் பெருக்கப் பழகிவிட்டோம். இதையே இரண்டு படிகளாகப் பிரித்து, முதலில் அடிப்பரப்பு, பிறகு உயரம் என்று பார்த்தால் விடை மாறாது. ஆனால் விடை ஏன் அப்படி வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். இந்த வழியில் மழையையும் மேட்டூர் அணையையும்கூட அளந்துவிடலாம்.

வீட்டு வாசலில் தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பிலிருந்து தொடங்குவோம். உள்ளளவு 8 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி ஆழம். தமிழ்நாட்டுப் பாடநூலில் இந்த வடிவத்துக்குப் பெயர் கனச்செவ்வகம். அடி முதல் உச்சிவரை பலகோணக் குறுக்குவெட்டு மாறாமல் எழும் வடிவங்களுக்குப் பொதுப்பெயர் பட்டகம். இலங்கைப் பாடநூல்களில் அரியம். அடி செவ்வகமாக இருப்பதால் நம் சம்ப் ஒரு செவ்வகப் பட்டகம். அதற்குள் அடங்கும் இடத்தின் அளவுதான் கன அளவு.

ஒன்றை அளப்பது என்றால், ஓர் அலகைத் தேர்ந்துகொண்டு அது எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணுவது. இங்கே அலகு, எல்லாப் பக்கமும் ஓர் அடி உள்ள கனசதுரம். அதாவது ஒரு கன அடி. அந்த அளவில் மரப்பெட்டிகள் செய்து சம்ப்புக்குள் இறக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தரையை மட்டும் நிரப்புங்கள். நீளவாக்கில் ஒரு வரிசைக்கு 8 பெட்டி, அப்படி 5 வரிசை. 40 பெட்டிகளில் தரை மூடிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வகுப்பில் நாம் வேகமாகக் கடந்து போன இடம் இது. சம்ப்பின் தரை 40 சதுர அடி. அதன்மேல் உட்கார்ந்த பெட்டிகளும் 40. எண் ஒன்றுதான், ஆனால் அளக்கும் பொருள் ஒன்றல்ல. சதுர அடி தட்டையானது. அதற்குத் தடிமனே கிடையாது, தண்ணீர் பிடிக்காது. ஒவ்வொரு சதுர அடியின் மேலும் ஓர் அடி உயரத்துக்குப் பெட்டி எழுந்த பிறகுதான் அது கன அடி ஆகிறது. ஆகவே 40 என்ற எண்ணை இப்படிப் படிக்க வேண்டும்: இந்தத் தொட்டியில் ஓர் அடி உயரத்துக்கு 40 கன அடி. தட்டையான பரப்பை உயரத்தால் பெருக்கினால் எப்படி இடம் வரும் என்று குழம்பும் பிள்ளைகளுக்கு இதுதான் பதில். அடிப்பரப்பு இங்கே ஒரு வீதமாக வேலை செய்கிறது. கடையில் மீட்டருக்கு இவ்வளவு விலை என்பதைப் போல, உயரத்தில் ஓர் அடி ஏறினால் இவ்வளவு கொள்ளும் என்று அது சொல்கிறது. ஆறு அடி ஏறினால் ஆறு அடுக்கு, 240 கன அடி. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர் என்பதால் சம்ப் கொள்வது சுமார் 6,800 லிட்டர்.

வீதம் கையில் இருந்தால் பாதி நிரம்பிய சம்ப்பையும் அளந்துவிடலாம். 40 சதுர அடித் தரையில் ஓர் அடித் தண்ணீர் சுமார் 1,133 லிட்டர்; ஓர் அங்குலம் சுமார் 94 லிட்டர். ஒரு குச்சியைச் செங்குத்தாக உள்ளே விட்டு எடுத்து, நனைந்த நீளத்தை அங்குலத்தில் பார்த்து 94-ஆல் பெருக்கினால் இருப்பு தெரிந்துவிடும். மூன்று எண்களை ஒவ்வொரு முறையும் பெருக்க வேண்டியதில்லை. தரை மாறப்போவதில்லை, மாறுவது உயரம் மட்டுமே.

மணல் வாங்குகிறவர்களுக்கும் இது கைவந்த கணக்கு. ஒரு யூனிட் மணல் என்பது 100 கன அடி. லாரியின் பாடி 14 அடி நீளம், 7 அடி அகலம் என்றால் தளம் 98 சதுர அடி. அதில் மணல் ஓர் அடி நின்றால் ஏறக்குறைய ஒரு யூனிட், மூன்று அடி நின்றால் ஏறக்குறைய மூன்று யூனிட். கம்பியைச் செருகி உயரம் பார்க்கும்போது ஓர் அங்குலம் குறைந்தால் என்ன போயிற்று என்று தோன்றும். 98 சதுர அடி பரப்பில் அந்த ஓர் அங்குலம் 8 கன அடிக்கும் மேல். உயரத்தில் சிறிதாகத் தெரியும் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைத் தீர்மானிப்பது அடிப்பரப்பு.

எந்தப் பக்கத்தை அடி என்று கொள்வது? எதை வேண்டுமானாலும் கொள்ளலாம். சம்ப்பைக் கற்பனையில் கவிழ்த்து 8 × 6 பக்கத்தைத் தரையாக்கினால் தரை 48 சதுர அடி, உயரம் 5 அடி, விடை 240. மறுபடி புரட்டினால் 30-ஐ 8-ஆல் பெருக்குவோம், அப்போதும் 240. திருப்பி வைத்ததால் பெட்டிகள் கூடவோ குறையவோ வழியில்லை.

அளவுகள் முழு எண்ணாக அமையாவிட்டால்? அகலம் 5½ அடி என்றால் கடைசி வரிசையில் பெட்டிகளைப் பாதியாக அறுக்க வேண்டும். அதைவிட எளிது, சின்னப் பெட்டிக்கு மாறுவது. 5½ அடி என்பது 66 அங்குலம். ஒரு கன அடிக்குள் 12 × 12 × 12, அதாவது 1,728 கன அங்குலம் அடங்கும். அங்குலப் பெட்டிகளால் நிரப்பினால் எதையும் அறுக்க வேண்டாம். பின்னத்தில் எந்த அளவு வந்தாலும் அதற்குப் பொருந்தும் ஒரு சின்ன அலகு எங்கேயாவது இருக்கும்.

அப்படி எந்த அலகும் பொருந்தாத நீளங்களும் இருக்கின்றன. ஒரு சதுரத்தின் பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் மிச்சமில்லாமல் சேர்த்து அளக்கும் அலகு ஒன்றுமே கிடையாது. எவ்வளவு பொடியாக எடுத்தாலும் ஒன்றில் மிச்சம் நிற்கும். இது கிரேக்கர்களுக்கே தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட பக்கமுள்ள தொட்டியைப் பெட்டிகளால் சரியாக நிரப்பவே முடியாது. பிறகு எந்த உரிமையில் அங்கேயும் அடிப்பரப்பை உயரத்தால் பெருக்குகிறோம்?

இதற்கு வழி காட்டியவர் கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கணிதர் யுடாக்ஸஸ். அவருடைய முறையின் சாரத்தை நம் சம்ப்பில் வைத்துப் பார்க்கலாம். தொட்டிக்குள் முழுசாக அடங்கும் பெட்டிகளை மட்டும் எண்ணுங்கள். வருவது உண்மையைவிடக் குறைவு. தொட்டிக்கு வெளியே சற்று மீறி நிற்கும் பெட்டிகளையும் சேர்த்து எண்ணுங்கள். வருவது உண்மையைவிட அதிகம். உண்மை இரண்டுக்கும் நடுவில். பெட்டியைச் சிறிதாக்கச் சிறிதாக்க இடைவெளி சுருங்குகிறது, அது சுருங்குவதற்கு எல்லையே இல்லை. அந்த நெருக்கத்துக்குள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் எண் ஒன்றே ஒன்றுதான், அது அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கி வரும் எண். யூக்ளிட் எழுதிய வடிவியல் தொகுப்பின் பன்னிரண்டாம் நூல் பெரும்பாலும் இந்த நெருக்கும் உத்தியில்தான் நிற்கிறது. எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததை, வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று காட்டி நிறுவுகிறார்கள். எனக்குக் கணிதத்தில் மிகவும் பிடித்த நகர்வு இது.

கிரேக்கர்களுக்கு வெகு முன்பே எகிப்தியர்கள் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ரைண்ட் பாப்பிரஸ் என்ற சுருள் இருக்கிறது. ஆமெஸ் என்ற எழுத்தர், தமக்கும் முந்தைய ஒரு பழைய ஏட்டைப் பார்த்து, கி.மு. 1550 வாக்கில் படியெடுத்தது. அதில் தானியக் களஞ்சியங்கள் பற்றிய கணக்குகள் தொடர்ச்சியாக வருகின்றன. 41-ஆவது கணக்கில் களஞ்சியம் வட்டமானது: விட்டம் 9 முழம், உயரம் 10 முழம். செய்முறை இப்படிப் போகிறது. 9-இல் ஒன்பதில் ஒரு பங்கைக் கழி, 8. எட்டை எட்டால் பெருக்கு, 64. அதை உயரமான 10-ஆல் பெருக்கு, 640. பிறகு அதில் பாதியை அதனுடன் கூட்டித் தானிய அளவைக்கு மாற்றுகிறார், 960. 44-ஆவது கணக்கில் களஞ்சியம் நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 முழம் உள்ளது: 100, அதிலிருந்து 1,000, பாதி கூட்டி 1,500.

வட்டக் களஞ்சியத்தில் அந்த 64 என்ன? அடிப்பரப்பு. வட்டத்துக்குப் பதில் 8 முழப் பக்கமுள்ள சதுரத்தை வைத்துக்கொள்கிறார். சரியான கன அளவு ஏறத்தாழ 636 கன முழம். அவருடைய விடையில் பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்தப் பிழையும் பரப்பில் வந்ததுதான், உயரத்தால் பெருக்கும் படியில் வந்ததல்ல. களஞ்சியம் வட்டமோ செவ்வகமோ, தரையைக் கண்டுபிடி, பிறகு உயரத்தால் பெருக்கு என்ற வேலை இரண்டுக்கும் ஒன்றே. சூத்திரம் என்று அவர் எதையும் எழுதவில்லை. ஆனால் அடுத்தடுத்து வைத்த கணக்குகளில் அந்தப் பொதுமை தெரிகிறது.

நீளம், அகலம், உயரம் என்று மட்டும் படித்தவருக்கு வட்டத் தொட்டி புதுப் பாடம். அடிப்பரப்பு என்று படித்தவருக்குப் புதிதாக ஒன்றுமில்லை. மூலையில் தூண் வருவதால் ‘ட’ வடிவில் கட்டிய சம்ப் என்றாலும், ஐங்கோணத் தெப்பக்குளம் என்றாலும், சுவர் செங்குத்தாக எழும்வரை தரையின் பரப்பு தெரிந்தால் போதும்.

சுவர் சாய்ந்திருந்தால்? மேசைமேல் ஒரு கட்டு ஏ4 தாள் இருக்கிறது, 500 தாள்கள். நேராக அடுக்கியிருக்கும்போது அது செவ்வகப் பட்டகம். பக்கவாட்டில் மெல்லத் தள்ளிச் சாய்த்துவிடுங்கள். வடிவம் மாறிவிட்டது, தாள்கள் அதே 500, ஒவ்வொன்றின் பரப்பும் அதே அளவு, கட்டின் உயரமும் அதே. ஆகவே கன அளவும் மாறவில்லை. சாய்ந்த விளிம்பு நீண்டுவிட்டதே என்று அந்த நீளத்தை எடுத்துப் பெருக்கினால்தான் தவறு வரும். சூத்திரத்தில் உள்ள உயரம் எப்போதும் செங்குத்து உயரம்.

இதையே பொதுவாகச் சொன்னால், இரண்டு திண்மங்களை ஒரே மட்டத்தில் எங்கே குறுக்கே வெட்டினாலும் வெட்டுப்பரப்புகள் சமமாக இருந்தால் அவற்றின் கன அளவும் சமம். இத்தாலியக் கணிதர் காவலியேரி 1635-இல் வெளியிட்ட நூலின் வழியே இந்தக் கருத்து ஐரோப்பாவில் பரவி அவர் பெயரையே பெற்றது. சீனத்தில் சு கெங் என்பவர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இதையே சொல்லிக் கோளத்தின் கன அளவைக் கண்டிருந்தார். காவலியேரியின் காலத்திலேயே எதிர்ப்பும் கிளம்பியது. தடிமனே இல்லாத வெட்டுகளை எத்தனை அடுக்கினாலும் தடிமன் எப்படி வரும் என்று கணிதர் குல்டின் போன்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தாளுக்குத் தடிமன் உண்டு, அதனால் சாய்த்த கட்டின் ஓரம் உற்றுப் பார்த்தால் படிக்கட்டாக இருக்கும். தாள் மெலிய மெலியப் படி சிறிதாகும். மிச்சப் பிழையை யுடாக்ஸஸ் செய்ததுபோல இரண்டு பக்கமும் நெருக்கி இல்லாமல் ஆக்கலாம். பின்னால் நுண்கணிதம் அதைத்தான் ஒழுங்குபடுத்தியது.

இனி மழை. 10 செ.மீ. மழை என்றால், பெய்த நீர் ஓடாமலும் மண்ணில் இறங்காமலும் ஆவியாகாமலும் விழுந்த இடத்திலேயே நின்றிருந்தால் 10 செ.மீ. உயரம் நின்றிருக்கும் என்று பொருள். பெரிய பாத்திரம் அதிகத் தண்ணீரைப் பிடிக்கும், சின்னது குறைவாகப் பிடிக்கும். ஆனால் பிடித்த நீரை அந்தந்த வாயின் பரப்பால் வகுத்துவிட்டால் இரண்டிலும் ஒரே உயரம்தான் மிஞ்சும். பாத்திரத்தைப் பொறுத்து மாறாத எண் அது ஒன்றுதான். லிட்டரில் சொன்னால் எவ்வளவு பரப்பில் என்று கூடவே சொல்ல வேண்டியிருக்கும். உயரத்தைச் சொல்லிவிட்டால், உங்கள் பரப்பை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை மிகச் சரியாக ஒரு லிட்டர். மெட்ரிக் முறை தந்த அழகான பொருத்தம் இது. 1,000 சதுர அடி மொட்டைமாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். 10 செ.மீ., அதாவது 100 மி.மீ. மழைக்கு அங்கே விழுந்தது 9,300 லிட்டர். நாம் மேலே பார்த்த சம்ப் ஒரே நாளில் நிரம்பி வழிந்திருக்கும். சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. அந்த ஒரு மாடியில் மட்டும் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் லிட்டருக்கும் மேல்.

மழையளக்கும் கருவியான மழைமானிக்குள்ளும் இதே கணக்கு இருக்கிறது. வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. உள்ள மானியில் 1 மி.மீ. மழைக்குச் சேர்வது 20 மில்லிலிட்டர். அதை அதற்கென்றே கோடிட்ட கண்ணாடி அளவையில் ஊற்றிப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பயன்படும் எட்டு அங்குல மானியில் இன்னொரு உத்தி உண்டு. அகன்ற வாயில் விழுந்த நீர், வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கே உள்ள குறுகிய குழாய்க்குள் இறங்கும். கன அளவு மாறாமல் பரப்பு பத்தில் ஒன்றாகும்போது உயரம் பத்து மடங்காக வேண்டும். ஓர் அங்குல மழை குழாயில் பத்து அங்குலமாக நிற்பதால் நுட்பமாகப் படித்துவிடலாம். வீட்டு வாளியை மாடியில் வைத்து மழை அளந்தால் தப்பாகப் போவதும் இதனால்தான். வாளியின் வாய் அகலம், அடி குறுகல். வாயின் பரப்பில் பிடித்த நீர் அடியின் சின்னப் பரப்பில் நிற்பதால் மழை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். நேரான சுவருள்ள டப்பாவே இதற்குச் சரி.

வாளியில் நடப்பது அணையில் மாபெரும் அளவில் நடக்கிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. நிரம்பிய நிலையில் நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல், அதாவது சுமார் 165 கோடி சதுர அடி. அணையைச் செவ்வகப் பட்டகமாக எண்ணி 120-ஆல் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 198 டி.எம்.சி. உண்மையான கொள்ளளவு அதில் பாதியைக்கூட எட்டவில்லை. காரணம், 165 கோடி சதுர அடி என்பது மேல்மட்டத்தின் பரப்பு. கீழே போகப் போகப் பள்ளத்தாக்கு ஒடுங்குகிறது.

ஆகவே இங்கே ஓர் அடி உயரத்துக்கு இவ்வளவு என்ற வீதம் மட்டத்துக்கு மட்டம் மாறும். நீர்மட்டம் 100 அடியில் இருக்கும்போது இருப்பு ஏறத்தாழ 65 டி.எம்.சி. முதல் 100 அடியில் அடிக்குச் சராசரியாக 0.65 டி.எம்.சி. விழ, கடைசி 20 அடியில் அடிக்கு 1.4 டி.எம்.சி.க்கு மேல் விழுகிறது. 60 அடி என்றால் அணை பாதி நிரம்பிவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். செய்தியில் நீர்மட்டத்தையும் நீர் இருப்பையும் தனித்தனியாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் 93.47 என்று எப்படிக் கண்டார்கள்? யாரும் கோடிக்கணக்கான பெட்டிகளை இறக்கிப் பார்க்கவில்லை. நீர் தேங்கப்போகும் பள்ளத்தாக்கை முன்கூட்டியே அளந்து, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துச் சமவுயரக் கோடுகள் வரைவார்கள். ஒவ்வொரு கோடும் அந்த மட்டத்து நீர்ப்பரப்பின் கரை. அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே இருப்பது ஒரு மெல்லிய தட்டு. மேல்பரப்பு, கீழ்ப்பரப்பு இரண்டின் சராசரியை அந்தத் தட்டின் உயரத்தால் பெருக்கினால் அதன் கன அளவு. தட்டுகளையெல்லாம் கூட்டி அட்டவணை போட்டுவிடுவார்கள். அதன்பிறகு தினமும் அளவுகோலில் படிப்பது உயரம் மட்டும். மற்றது அட்டவணையில் இருக்கிறது. வண்டல் படிந்து அடி மேடாகிவிட்டால் அந்த அட்டவணை பொய்யாகும். அதனால்தான் நீர்த்தேக்கங்களில் படகில் சென்று, ஒலியை அனுப்பி எதிரொலியின் நேரத்தைக் கொண்டு ஆழம் பார்த்து, கொள்ளளவைத் திரும்பவும் கணக்கிடுகிறார்கள்.

நிரம்பிய அணையின் பரப்பு இன்னொரு கணக்குக்கும் உதவும். ஆவியாதலையும் மழையைப் போலவே மில்லிமீட்டரில்தான் சொல்கிறோம். மேட்டூர் நிரம்பியிருக்கும் ஒரு வெயில் நாளில் 5 மி.மீ. நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 59.25 சதுர மைல் என்பது சுமார் 153 சதுர கிலோமீட்டர், 15 கோடியே 30 லட்சம் சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் 76 கோடி லிட்டருக்கும் மேல் ஒரே நாளில் போய்விடும். கன அடியில் 2.7 கோடி. விநாடிக்கு 300 கன அடிக்குமேல் ஓடும் ஒரு வாய்க்கால் நாள் முழுதும் கொண்டுபோகும் நீர் இது. அதே நீரை இதில் பாதிப் பரப்பும் இரு மடங்கு ஆழமும் உள்ள நீர்த்தேக்கத்தில் நிறுத்தினால், அதே வெயிலில் போவது ஏறத்தாழ இதில் பாதிதான்.